உட்கணினிப் பிரிவு

என் பெயர் கதிரவேல். சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிறேன். கணினி எனக்குத் தெரியாது. ஆனால் கணினிக்குள்ளே இருக்கிற கணினியைப் பற்றி இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் என்னளவு தெரிந்த ஆள் குறைவு. ஏழு மாதம் அதன் வாசலில் காத்துக் கிடந்தவன் நான்.

எங்களுக்கு வள்ளம் இறக்க ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். கரையில் கடற்படைக் காவலரண் இருக்கிறது. சீட்டைக் காட்டினால் போகச் சொல்வார்கள், காட்டாவிட்டால் திருப்பி ஏற்றச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், துறைமுகப் பக்கம் இருக்கிற கலப் பதிவுப் பணிமனைக்குப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் கடல் பங்குனிக் கடைசியில் திறந்து புரட்டாதி வரைக்கும் நல்லாக இருக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் என்னுடையதைப் போன்ற சின்ன வள்ளத்தை இறக்க ஏலாது. ஆறு மாதம் உழைத்துத்தான் பன்னிரண்டு மாதமும் சாப்பிடுவது. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

முந்திய வருடங்களில் சீட்டு எடுப்பது ஒரு காலைநேர வேலை. எழுதுவினைஞர் நஜ்முன் நிஸா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பழைய கணினியைத் திறந்து, என் வள்ளத்தின் இலக்கத்தைத் தட்டி, சீட்டை அச்சடித்து, அன்றைய திகதியை றப்பர் முத்திரையால் குத்தித் தருவார். நான் மத்தியான பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வருடம் அந்தப் பழைய கணினி செத்துவிட்டது. கொழும்பிலிருந்து புதிது வந்தது. சீட்டு அடிக்கிற பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடமாட்டேன் என்றது. லிங்கநகரில் கணினிக் கடை வைத்திருக்கிற ஷிஃபானாவைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை அரை மணித்தியாலம் இருந்து, பழைய கணினியை அப்படியே புதியதன் வயிற்றுக்குள் வைத்துவிட்டது. ஓர் இடத்தில் அமத்தினால் திரைக்குள்ளே ஒரு சன்னல் திறக்கும். அந்தச் சன்னலுக்குள் பழைய கணினியின் திரை, பழைய நிறம், பழைய மென்பொருள், எல்லாம் செத்த வீட்டுப் படம் போலச் சிரித்துக்கொண்டிருக்கும். நான் அப்போது ஆட்கள் காத்திருக்கிற நீள வாங்கிலில் இருந்தேன். அவள் பணிப்பாளருக்கு விளங்கப்படுத்தியதும் கேட்டது.

“சேர், இப்ப உள்ளுக்க இன்னொரு கணினி ஓடுது. வெளிய இருக்கிறது புதுசு, உள்ள இருக்கிறது பழசு. அது தன்ட பாட்டுல ஓடும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல.”

இதுதான் அந்தப் பிள்ளை செய்த பிழை. ஓர் அரசாங்க அதிகாரியைப் பார்த்து ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொல்லலாமா?

பணிப்பாளர் பூபாலரெட்ணம் ஐப்பசி முதற் கிழமையில் ஓய்வுபெற இருந்தவர். முப்பத்துநான்கு வருட சேவையில் அவர் பல திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறார், எதையும் தானாகத் திறந்ததில்லை. இன்னொரு கணினியா என்று மூன்று தரம் கேட்டார். ஷிஃபானா மூன்று தரமும் ஓம் என்றாள். பிறகு அவர் கேட்ட கேள்வி, அதற்கு இலக்கம் இருக்கிறதா என்பது.

அந்தப் பணிமனையில் இருக்கிற ஒவ்வொரு பொருளிலும் வெள்ளைப் பெயின்றால் ஓர் இலக்கம் எழுதியிருக்கும். கதிரைக் காலில், விசிறிச் சிறகில், குப்பைக் கூடையின் அடியில். இலக்கம் இல்லாத பொருளைப் பாவிப்பது குற்றம். புதிய கணினிக்கு நூற்றுப் பதினேழு கொடுத்தாயிற்று. உள்ளே இருக்கிறதுக்கு நூற்றுப் பதினெட்டு என்று பதிவேட்டில் எழுதினார்கள். பெயின்ற் அடிக்கிறவர் தூரிகையோடு வந்து எங்கே எழுதுவது என்று கேட்டார். பணிப்பாளர் யோசித்தார். உள்ளே இருக்கிற கணினிக்கு உள்ளேதான் எழுத வேண்டும் என்றார். புதிய கணினியின் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்து, மூடியின் உட்பக்கத்தில் 118 என்று வடிவாக எழுதி, காயவிட்டு, திருப்பிப் பூட்டினார்கள். ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் ஏதோ சொல்ல வெளிக்கிட்டபோது, தொழில்நுட்ப விசயங்களில் பணிமனை தலையிடாது, அதுபோல நிர்வாக விசயங்களில் தொழில்நுட்பமும் தலையிடக் கூடாது என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார்.

அடுத்த கிழமை திறப்பு விழா. திரையைச் சுற்றி நாடா கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, எல்லாம் முறைப்படி. சபைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, சீட்டுக்கு வந்த நாங்கள் இருபது பேர் எப்படியும் வாங்கிலில் இருந்தோம். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எங்கட திருகோணமலையில இயற்கையே துறைமுகத்துக்குள்ள ஒரு துறைமுகத்தைப் படைச்சு வைச்சிருக்கு. வெளித்துறைமுகத்தைத் தாண்டித்தான் உட்துறைமுகத்துக்குப் போகலாம். அந்த இயற்கையின்ர வழியிலதான் இந்தப் பணிமனையும் போகுது. இதுவரைக்கும் பொதுமக்கள் ஒரு மேசைக்கு முன்னால காத்திருந்தீங்கள். இண்டையிலிருந்து இரண்டு மேசைக்கு முன்னாலயும் காத்திருக்கலாம். இந்த வசதி வேற மாவட்டத்தில இல்லை.”

நாங்கள் கைதட்டினோம். தட்டினால் கெதியாக விடுவார்கள் என்று நினைத்தோம்.

உள்ளே இருக்கிற கணினிக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு விசிறி, ‘உட்கணினிப் பிரிவு’ என்று ஒரு பெயர்ப்பலகை. பிரிவு என்றால் தலைவர் வேண்டும். அந்தத் தரத்தில் வேறு அதிகாரி இல்லாதபடியால் பணிப்பாளரே அதற்குப் பதிற்கடமைப் பொறுப்பாளர் ஆனார். காலை பதினொரு மணி மட்டும் பெரிய மேசையில் பணிப்பாளர். பதினொன்றுக்குப் பிறகு ஐந்து அடி தள்ளிச் சின்ன மேசையில் பொறுப்பாளர். இரண்டு மேசைக்கும் இரண்டு மூக்குக்கண்ணாடி.

என் விண்ணப்பத்தைப் பெரிய மேசையில் கொடுத்தேன். பணிப்பாளர் அதைப் படித்து, பரிந்துரைத்து, உறையில் போட்டு ஒட்டி, பொறுப்பாளருக்கு முகவரி எழுதினார். நஜ்முன் நிஸா அந்த உறையைத் தபால் புத்தகத்தில் பதிந்து ஐந்து அடி நடந்து சின்ன மேசையில் வைத்தார். பதினொரு மணிக்குப் பணிப்பாளர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பொறுப்பாளராக வந்து இருந்து, உறையைக் கிழித்து, புருவத்தை நெரித்து, இதை ஆர் அனுப்பினது என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்று எனக்கு விளங்கியது.

விபரம் போதாது என்று பொறுப்பாளர் பணிப்பாளருக்கு எழுதினார். போதும் என்று பணிப்பாளர் பொறுப்பாளருக்கு எழுதினார். பதில் வராதபடியால் கடுமையான ஒரு நினைவூட்டல் அனுப்பினார். அந்தக் கடிதத்தின் தொனி பொறுப்பாளரைப் புண்படுத்திவிட்டது. இரண்டு நாளாக அவர் சின்ன மேசைப் பக்கமே போகவில்லை.

சித்திரை முடிந்தது. காவலரணில் நிற்கிற பொடியனுக்கு என் முகம் தெரியும், நான் நல்லவன் என்றும் தெரியும். சீட்டு இல்லாமல் விட ஏலாது ஐயா என்று பணிவாகத்தான் சொன்னான். என் வள்ளம் மணலில் கிடக்க, நான் நிலாவெளியில் இன்னொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனேன். என் மனைவி கோணேஸ்வரி, இருபது வருடமாக எங்கள் மீனை நல்ல விலைக்கு விற்றவள், பக்கத்து வீட்டுக்காரியிடம் மீன் வாங்கிக் கருவாடு போட்டாள். அதைப் பார்க்க எனக்குச் சுட்டது.

வைகாசியில் ஒரு நாள் சின்ன மேசைக்குக் கூப்பிட்டார்கள். சீட்டு வந்துவிட்டது என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு போனேன். பொறுப்பாளர் திரையைக் காட்டினார். வெளியில் இந்த வருடத் திகதி. உள்ளே சன்னலில், 2014 மே 5, திங்கட்கிழமை.

“ஐசே, உம்மட வள்ளம் எப்ப கட்டினது?”

“2019இல சேர். மூதூர் முஹம்மது தம்பியிட்ட வாங்கினனான்.”

“உள்ளுக்க இப்ப 2014. உம்மட வள்ளம் இன்னும் கட்டுப்படேல்லை. கட்டுப்படாத வள்ளத்துக்கு நான் எப்பிடிச் சீட்டுத் தாறது?”

நான் ஷிஃபானாவிடம் ஓடினேன். அவள் கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்தாள். அந்தப் பழைய மென்பொருளுக்கு 2014க்குப் பிறகு வருகிற திகதி விளங்காது, அதனால் ஒவ்வொரு நாளும் திறக்கும்போது 2014 மே 5 என்றுதான் காட்டும்படி வைத்திருக்கிறேன், செத்துப்போன கணினியிலும் அப்படித்தான் இருந்தது, அதனால்தானே மிஸ் திகதியை முத்திரையால் குத்திக்கொண்டு வந்தவ என்று சொன்னாள். நஜ்முன் நிஸா தலையை ஆட்டினார். பணிப்பாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் இத்தனை வருடமும் பிழை நடந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர் நான் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. என் வள்ளம் வருங்காலத்தில் கட்டப்படும் என்று கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் கேட்டார்கள். அவர் நல்ல மனுசன், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதித் தந்தார். கடிதத்தில் இந்த வருடத் திகதி இருந்தபடியால் அது உள்ளே இன்னும் வந்து சேரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மேன்முறையீடு செய்தேன். மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. நாளைக்குப் போனாலும் உள்ளே மே 5. அடுத்த கிழமை போனாலும் மே 5. பதினான்கு நாளில் ஒரு நாள் கூட முடியவில்லை.

“எங்களில பிழை சொல்ல ஏலாது,” என்றார் பொறுப்பாளர். “இந்தப் பிரிவு தொடங்கின நாளிலயிருந்து ஒரு கடிதமும் பிந்திப் போனதில்லை. எல்லாத்தையும் அண்டண்டைக்கே முடிக்கிறம்.”

அது உண்மை. ஆவணி முடிவதற்குள் உட்கணினிப் பிரிவிலிருந்து எனக்குப் பதினொரு கடிதம் வந்தது. பதினொன்றிலும் மறுப்பு. பதினொன்றிலும் 2014 மே 5. பதினொன்றிலும் அவருடைய கையெழுத்து, அதன்கீழ் ‘பொருள் இலக்கம் 118 இலிருந்து வழங்கப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை. வாங்கிலில் இருந்த மற்றவர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களை எறிந்துவிட்டார்கள், என்னையும் எறியச் சொன்னாள் கோணேஸ்வரி. நான் எறியவில்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நைலோன் பையில் சுற்றி வைத்தேன். எனக்கு வந்தது கோபம் என்று சொல்லமாட்டேன், கோபம் வந்தால் போகும். அந்த மனுசனுக்கு ஒரு கேடு வரவேண்டும், அதை நான் கிட்ட நின்று பார்க்கவேண்டும் என்று விரும்பினேன். கோயிலில் நின்றும் அதைத்தான் கேட்டேன்.

வழியை நஜ்முன் நிஸாதான் தெரியாமல் காட்டினார். புரட்டாதியில் ஒரு நாள் கதிரைக் கால்களை ஈரத்துணியால் துடைத்து இலக்கங்களை வெளிப்படுத்திக்கொண்டிருந்தார். ஏன் மிஸ் என்று கேட்டேன். அடுத்த கிழமை பொருட் கணக்கெடுப்புச் சபை வருகிறது என்றார். வருடா வருடம் வேறு திணைக்களத்திலிருந்து மூன்று பேர் வந்து, பதிவேட்டில் இருக்கிற பொருளெல்லாம் உண்மையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எண்ணுவார்களாம். எண்ணுகிற நாளில் பணிப்பாளர் புரியாணி எடுப்பித்துக் கொடுப்பார், அவர்கள் பாதியை எண்ணிவிட்டு மீதிக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கே ஷிஃபானாவின் கடைக்குப் போனேன். சபைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் அடித்துத் தரச் சொன்னேன். பொதுமகனாகிய எனக்கு இலக்கம் 118 இலிருந்து பதினொரு கடிதம் கிடைத்திருக்கிறது, அவ்வளவு உழைத்த அந்தப் பொருளைச் சபை தவறாமல் நேரில் பார்க்கவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஷிஃபானா அடித்துக்கொண்டே வந்து ‘தாழ்மையுடன்’ என்ற இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடித்து முடித்தாள். கூலி வேண்டாம் என்றாள், பெட்டிக்குள் பெயின்ற் அடித்ததை அவளும் மறக்கவில்லை.

சபைத் தலைவி நிரோஜினி. அவர் வித்தியாசமானவர் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். ஆனால் அவர் புரியாணி சாப்பிடாதவர். என் விண்ணப்பத்துக்கு ஒரு இலக்கம் போட்டுக் கோப்பில் சேர்த்திருந்தார். ஆகவே அதை அவர் பார்த்தே ஆகவேண்டும். கதிரை, விசிறி, குப்பைக் கூடை எல்லாம் தொட்டு எண்ணி முடித்தார்.

“நூற்றுப் பதினெட்டு. கணினி, உள். ஒண்டு. எங்க?”

பணிப்பாளர் திரையைக் காட்டினார். அது நூற்றுப் பதினேழு, எண்ணியாயிற்று என்றார் நிரோஜினி. அதற்குள்ளே இருக்கிறது மிஸ் என்றார் பணிப்பாளர். அப்படியென்றால் திறவுங்கள் என்றார் அவர். திருகாணி கழற்றினார்கள். மூடியின் உட்பக்கத்தில் 118 என்று வெள்ளையாக இருந்தது. நிரோஜினி ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கையை விட்டுத் தடவியும் பார்த்தார். வயரும் தூசும்.

“இலக்கம் இருக்கு. பொருள் இல்லை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

பணிப்பாளருக்கு அப்போதுதான் வியர்த்தது. அது தொடுகிற பொருள் இல்லை, திரையில் வருகிற ஒரு சன்னல் மாதிரி, உண்மையில் அப்படி ஒரு கணினியே இல்லை என்றார். ஏழு மாதத்தில் அந்தக் கணினியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

நான் வாங்கிலிலிருந்து எழும்பினேன். நைலோன் பையைப் பிரித்துப் பதினொரு கடிதத்தையும் நிரோஜினியின் முன்னால் வைத்தேன்.

“இல்லாத கணினி எண்டால் மிஸ், என்ர வள்ளத்தை இவ்வளவு காலமும் மறிச்சது ஆர்?”

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முத்திரை சரி, இலக்கம் சரி, கையெழுத்தும் சரி. ஒரே நாளில் பதினொரு கடிதம் அனுப்பியிருக்கிறது, சுறுசுறுப்பான பொருள் என்றார். ஆகவே பொருள் இருந்திருக்கிறது. இப்போது இல்லை. அவருடைய படிவத்தில் இரண்டு கட்டம்தான். ‘உண்டு’, ‘காணவில்லை’. ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டார். பொருளுக்குப் பொறுப்பாக இருந்தவர் யார் என்ற இடத்தில் பூபாலரெட்ணத்தின் பெயரை எழுதினார்.

“முப்பத்திநாலு வருசம் மிஸ்,” என்றார் பணிப்பாளர். “ஆக்களைக் காக்க வைச்சிருப்பன், அலைய விட்டிருப்பன், அது சேவை. ஒரு பொருளைத் துலைச்சதில்லை.”

காணாமற்போன பொருளுக்கு மூன்று கடிதம் கொடுக்கும் மட்டும் பொறுப்பானவரின் ஓய்வூதியக் கோப்பு நகராது. ஒன்று, பொலிஸ் முறைப்பாடு. கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று பொலிசில் கேட்டார்களாம். இன்று காலை திரையில் கண்டேன் என்றாராம். அதை எழுதுவிக்க அவருக்கு நான்கு நாள் சென்றது. இரண்டாவது, தொழில்நுட்பவியலாளரின் அறிக்கை. ஷிஃபானா அதைக் கொடுத்தாள், ஆனால் மூன்று முறை எழுத்துப்பிழை கண்டு திருப்பி எடுத்தாள். மூன்றாவது, அந்தப் பொருளோடு அலுவல் வைத்திருந்த பொதுமகன் ஒருவர், அது தொலைந்ததில் பொறுப்பாளரின் குற்றம் இல்லை என்று கையெழுத்து வைப்பது. அப்படி எழுத்தில் அத்தாட்சி உள்ள பொதுமகன் மாவட்டத்திலேயே ஒருவன்தான்.

சபை உட்கணினிப் பிரிவைக் கலைத்தது. மறுநாளே நஜ்முன் நிஸா திரையில் சன்னலைத் திறந்து, என் இலக்கத்தைத் தட்டி, சீட்டை அச்சடித்து, முத்திரை குத்தினார். மணிக்கூட்டைப் பார்த்தேன், நான்கு நிமிடம். முத்திரையில் ஐப்பசி மாதம் விழுந்திருந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முந்தியே காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. சீட்டை அலுமாரிக்குள் வைத்தேன். அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஓட்டோ சல்லிக்கு வந்தது. பூபாலரெட்ணம் இறங்கினார். மணலில் சப்பாத்துப் புதைய வள்ளத்தடிக்கு வந்தார். அலை ஆளுயரம் அடித்துக்கொண்டிருந்தது. நான் என்ஜினுக்கு எண்ணெய் பூசிச் சாக்கால் சுற்றிக்கொண்டிருந்தேன். படிவத்தை நீட்டினார். ஐசே போய், நீர் போய், நீங்கள் வந்திருந்தது.

“தம்பி, நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும். அஞ்சு நிமிச வேலை.”

“நாலு நிமிசம் சேர்,” என்றேன். “நான் மணிக்கூடு பாத்தனான்.”

படிவத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிமட்டும் வாசித்தேன். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். அவர் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கரையோரத்து எங்கள் வீட்டுக் குசினி வாசலில் கோணேஸ்வரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்து மடித்து அவரிடமே கொடுத்தேன்.

“இதில பிழையொண்டும் இல்லை சேர். கையெழுத்து வைக்கலாம். ஆனால் எனக்கு இப்ப காலமில்லை. கடல் திறக்கட்டும். பங்குனிக் கடைசியில வாங்கோ.”

“அதுமட்டும் நான் என்ன செய்யிறது?”

“நான் செய்ததைத்தான் சேர். இருங்கோ.”

அவர் படிவத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு ஓட்டோவுக்குப் போனார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பாவம் என்று ஒரு சொட்டும் தோன்றவில்லை, தோன்றும் என்று காத்திருந்தும் பார்த்தேன்.

சொன்ன நாளில் வந்தாராம். பங்குனிக் கடைசி, நல்ல வெயில், கண்ணாடி போலக் கடல். கோணேஸ்வரி கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அவர் எப்ப வருவார் எண்டு தெரியாது என்றாளாம். நான் கடலில் நின்றேன். அன்றைக்கு மீன் நல்லாகப் பட்டது, கரைக்கு வர நான் அவசரப்படவில்லை.